கண்ணில் போடும் ஊசியும் நாங்கள் தள்ளிப்போட்ட தேதியும்



இது நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். நேரம் இல்லை என்பவர்களுக்காக முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் உட்பக்கத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் ஊசி போட ஆரம்பித்தவர்கள், சொன்ன தேதிக்கு வர முடியாது என்றால் அதை முதல் நாளே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் எனக்குத் தம்பி முறை. "அக்கா, ரெண்டு ஊசி போட்டாச்சு. இப்ப நல்லாவே தெரியுது. மூணாவதை தீபாவளி கழிச்சுப் போட்டுக்கலாமா?" நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஏழெட்டு பதில்கள். "நல்லாத் தெரியுதுன்னா அப்புறம் எதுக்கு ஊசி?" என்று ஒருவர். "கண்ணுல அடிக்கடி குத்தக் கூடாது" என்று இன்னொருவர். ஒருவர் பொன்னாங்கண்ணிக் கீரை படம் போட்டிருந்தார். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதே மாதிரி ஒரு பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். அதற்கு என் அண்ணன் கொடுத்த விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, 34 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் இடது கண்ணில் இதுவரை 11 ஊசி வாங்கியவள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, மார்கழி மாதம். விடியற்காலையில் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். நடு வரிசை மட்டும் வளைந்து தெரிந்தது. கை நடுங்கியிருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் வளைந்தது. அன்று சாயந்திரம் பேரனின் நான்கு கோடு நோட்டைப் பிரித்தால், கோடெல்லாம் திருவான்மியூர் கடற்கரை அலை மாதிரி நெளிகிறது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். நெளிவது இடது கண்ணுக்குத்தான். பேரன் முகத்தின் நடுவில் ஒரு புகைமூட்டம்.

பவர் ஏறியிருக்கும் என்று பதினோரு நாள் சும்மா இருந்தேன். கண்ணாடிக் கடைப் பையன்தான், "ஆன்ட்டி, இது பவர் மாதிரி தெரியல, ரெட்டினா டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தான். அவனுக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். அதற்குள் ஐந்து தடவை கண்ணாடி மாற்றியிருந்தேன். கண் செக்கப் செய்தாயிற்று என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது வேறு; சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியவைத்து, உள்ளே விழித்திரையைப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவதை 14 வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்துகொள்ளவில்லை.

மெட்ராஸ் ஐ வந்தால் உடனே ஓடுகிறோம். கண் சிவக்கிறது, உறுத்துகிறது, பீளை கட்டுகிறது. விழித்திரை நோய் சிவக்காது, வலிக்காது. ஒரு கண் கெட்டால் இன்னொரு கண் அதை மூடி மறைத்து வேலை பார்க்கும். அதனால்தான் இத்தனை பேர் தாமதமாகப் போகிறார்கள். சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 100க்கு 17.6 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14.4 பேர். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது? பாடம் எடுக்காமல் எனக்கு விட முடியாது.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். பழைய கேமராவில் ஃபிலிம் மாதிரி. அதன் நடுவில் உள்ள சின்ன இடம்தான் மாக்குலா. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரில் வருகிறவர் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால், விழித்திரையில் உள்ள மயிரிழை ரத்தக்குழாய்கள் கெடுகின்றன. சில குழாய்கள் கசிந்து மாக்குலா வீங்குகிறது. எனக்கு வந்தது அது. சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. அடைத்த பகுதிக்கு ஆக்ஸிஜன் போகாது. அந்தப் பகுதி "எனக்கு ரத்தம் வேண்டும்" என்று கேட்பதுபோல் ஒரு புரதத்தை வெளியே அனுப்புகிறது. அந்தப் புரதத்துக்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அது போய்ச் சேரும் இடத்தில் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. என் அண்ணனுக்கு வந்தது இது.

ரத்தக்குழாய் முளைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். 2019 கோடையில் நம் ஊரில் குழாயில் தண்ணீர் வராமல் தவித்தது நினைவிருக்கும். ஒரு தெருவில் மெயின் குழாய் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். ஆளாளுக்கு அவசரத்தில் மெல்லிய ரப்பர் டியூப் வாங்கி எங்கிருந்தோ இணைப்புக் கொடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மூட்டுக்கு மூட்டு கசியும். ஒரு நாள் பிய்த்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீராகிவிடும். கண்ணில் முளைக்கும் புதுக் குழாய்களும் அப்படித்தான். சுவரில் பலம் இல்லாததால் கசியும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். பிறகு தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பிடித்து இழுக்கும். வயதானவர்கள் சிலருக்குச் சர்க்கரையே இல்லாமலும் மாக்குலாவின் அடியில் இப்படிக் குழாய் முளைப்பது உண்டு. ஆகவே "எனக்குத்தான் சுகர் இல்லையே" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கோடு வளைந்தால் ஓடுங்கள்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். உள்ளே போகும் மருந்தும் ஒரு புரதம்தான். வி.இ.ஜி.எஃப். வேலை செய்வதற்கு முன்பே அதைப் பிடித்துக் கட்டிப்போடுவதற்காகச் செய்த புரதம். பெவாசிசுமாப் என்பது முழு எதிர்ப்பொருள். ரானிபிசுமாப் என்பது எதிர்ப்பொருளின் ஒரு துண்டு. அஃப்லிபெர்செப்ட் கொஞ்சம் வேறு மாதிரி. வி.இ.ஜி.எஃப். ஒரு சாவி என்றால், அது போய்ப் பொருந்த வேண்டிய பூட்டைப் போலவே செய்த போலிப் பூட்டு அது. சாவி போலிப் பூட்டில் மாட்டிக்கொண்டால் நிஜப் பூட்டு திறக்காது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஃபாரிசிமாப் என்ற மருந்து வி.இ.ஜி.எஃப்.-உடன் இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது.

"இதை மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா?" என்று என் அண்ணி கேட்டார்கள். புரதத்தை விழுங்கினால் வயிறு அதைத் துவரம்பருப்பு மாதிரி ஜீரணம் செய்துவிடும். சொட்டு மருந்தாக விட்டால் இவ்வளவு பெரிய மூலக்கூறு கண்ணின் பின்பக்கம் வரை தேவையான அளவு போய்ச் சேராது. அதனால்தான் நேராக உள்ளே போடுகிறார்கள். போடுவது ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காக்க வேண்டிய மருந்து. உயிருள்ள செல்களுக்குள் வளர்த்து எடுப்பது. விலை அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மருந்து வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க டாக்டர், புற்றுநோய்க் கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் எழுதினார். 1989இல் நெப்போலியோன் ஃபெராராவும் அவருடைய சகாக்களும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுவையும் கண்டார்கள். அதைத் தடுக்கும் பெவாசிசுமாப், அதாவது அவாஸ்டின், 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்தாக வந்தது. கண்ணுக்கென்று தனியாகச் செய்த ரானிபிசுமாப் 2006இல் அனுமதி பெற்றது. அதற்கு முந்தைய வருடமே மியாமி நகரில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் டாக்டர் அவாஸ்டினில் ஒரு துளியைக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்திருந்தார். பலன் கிடைத்தது. குடல் புற்றுக்காக வந்த மருந்து உலகம் முழுக்கக் கண் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

"விலை குறைந்த ஊசி மட்டமானது" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. அமெரிக்காவில் அப்போது ரானிபிசுமாப் ஒரு ஊசி சுமார் 2,000 டாலர். அவாஸ்டின் சுமார் 50 டாலர். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. வயதானவர்களுக்கு மாக்குலாவில் வரும் நோய்க்கு, ஒரு வருட முடிவில் இரண்டும் பார்வைக்குச் சமமான பலனே தந்திருந்தன. 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண் நோய்க்கென்று பெவாசிசுமாப்பைச் சேர்த்தது. சர்க்கரையால் வரும் மாக்குலா வீக்கத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருந்தால், முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்தது என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. பார்வை கொஞ்சமே குறைந்திருந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். நம் நாட்டிலேயே, குஜராத் நிறுவனமான இன்டாஸ், ரானிபிசுமாப்புக்கு இணையான மருந்தை 2015இல் கொண்டுவந்தது.

எதைப் போடுவது என்பது டாக்டரின் முடிவு. ஆனால் உங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். விலை உயர்ந்த ஊசியை இரண்டு போட்டுவிட்டுக் காணாமல் போவதைவிட, கட்டுப்படியாகிற ஊசியை விடாமல் போடுவது மேல் என்பது என் கருத்து.

அவாஸ்டினுக்கு ஒரு சங்கடமும் உண்டு. பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுகிறார்கள். பிரிக்கும்போது சுத்தம் தவறினால் ஆபத்து. 2016 தொடக்கத்தில், குஜராத்தில் சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டபோது, அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கண்ணில் போடுவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. ஏழைகளுக்கு இருக்கும் ஒரே வழி அடைபடுகிறது என்று கண் டாக்டர்கள் எடுத்துச் சொன்னபிறகு, சில வாரங்களில் அது விலக்கப்பட்டது. எந்த மருந்தாக இருந்தாலும், நல்ல சுத்தமான ஆபரேஷன் தியேட்டரில் போடுகிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி போடும்போது வலிக்குமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். அயோடின் கலந்த மருந்தால் கண்ணைக் கழுவுவார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப். "மேலே பாருங்க" என்பார்கள். கருவிழியில் குத்த மாட்டார்கள். பக்கத்தில் வெள்ளை விழியில்தான் குத்துவார்கள். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். வாய்ப்பாடு ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடும். என் முதல் ஊசிக்கு முன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இப்போது தியேட்டர் வாசலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: போட்ட சில நாட்களில் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கிருமித் தொற்று ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில்தான் வரும். வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் அதையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி அண்ணனைப் பற்றி.

என் அண்ணன் மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறார். ஆசிரியர் பயிற்சிக்குப் போன இரண்டு வருடமும் விடியற்காலையில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, நான்கு மைல் மிதித்து பஸ் ஏற்றிவிட்டவர். மழை நாளில் என் புத்தகப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிதிப்பார். "டீச்சர்" என்று ஊரில் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். அப்போது நான் வேலைக்கே போகவில்லை.

2017 ஐப்பசியில் அவருக்கு வலது கண் மங்கியது. சென்னைக்கு வரவழைத்தோம். விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. மாதம் ஒன்றாக ஊசி, பிறகு பார்த்துச் சொல்கிறோம் என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டிலேயே தங்கி இரண்டு ஊசி போட்டுக்கொண்டார். பால்கனியில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படித்தார். "பாத்தியா, சரியாப் போச்சு" என்று சிரித்தார்.

மூன்றாவது ஊசிக்குக் குறித்த தேதி மார்கழி கடைசியில். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊரிலிருந்து போன் செய்தார். "தங்கச்சி, பந்தக்கால் நட்டாச்சு. இப்ப வரணுமா, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?"

நான் சொன்னேன்: "ஒரு மாசம்தானே அண்ணா. கல்யாணத்தை முடிச்சிட்டு நிம்மதியா வாங்க."

டாக்டரிடம் நான் கேட்கவில்லை. ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. கல்யாணம் முடிந்தது. மறுவீடு வந்தது. கல்யாணக் கடன் வந்தது. அப்புறம் ஆடிச் சீர். "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்ல, நானும் சரி என்றேன். எட்டு மாதம் ஓடிப்போனது. ஆவணியில் ஒரு நாள் காலை போன் வந்தது. "கண்ணுக்குள்ள மை கொட்டின மாதிரி இருக்கும்மா. நூல் நூலா கருப்பா இறங்குது." உள்ளே ரத்தம் கொட்டிவிட்டது. விழித்திரையைத் தழும்பு இழுத்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணை லேசரில் காப்பாற்றினார்கள். வலது கண்ணில் இன்று விரல் எண்ணும் அளவுக்குத்தான் பார்வை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. விதி என்று விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டரிடம் நானே கேட்டேன்: "சார், நாங்க என்ன செஞ்சிருக்கணும்?" அவர் கோபப்படாமல் சொன்னார்: "எட்டு மாசம் வர மாட்டார்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, லேசரையும் சேர்த்துப் பண்ணியிருப்பேம்மா."

அந்த வார்த்தையைத்தான் உங்கள் எல்லோருக்கும் கடத்த நினைக்கிறேன். ஊசி மருந்து கண்ணுக்குள் சில வாரங்கள்தான் இருக்கும். அது வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்து வைத்திருக்கிறதே தவிர, அந்தப் புரதத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் விழித்திரையின் பட்டினி அப்படியேதான் இருக்கிறது. மருந்து தீர்ந்ததும் மறுபடி முளைக்கும். "நல்லாத் தெரியுது" என்றால் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. லேசர் அப்படி இல்லை. பட்டினி கிடக்கும் பகுதியைச் சுட்டு, அந்தக் கோரிக்கையையே குறைத்துவிடுகிறது. பலன் நீடித்து நிற்கும். அதற்கும் விலை உண்டு: பக்கவாட்டுப் பார்வையும் இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம். அதனால்தான் ஒழுங்காக வரக்கூடியவர்களுக்கு ஊசி நல்ல வழி என்கிறார்கள். ஆனால் 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, புதுக் குழாய் நோய்க்குச் சிகிச்சை எடுத்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வராமல்போனவர்களைப் பார்த்தது. லேசர் செய்துகொண்டு வராமல்போனவர்களைவிட, ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வராமல்போனவர்களின் கண்கள் அதிகம் கெட்டிருந்தன.

ஆக, இது மருந்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. நீங்கள் வருவீர்களா என்ற கேள்வியும்கூட. அதற்குப் பதில் டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

நம்மிடம் ஒரு பழக்கம். டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுவது மரியாதை என்று நினைக்கிறோம். "பணம் இல்லை", "கூட வர ஆள் இல்லை", "அறுவடை நேரம்" என்று சொல்ல வெட்கம். எனக்கு இது புதிதா? 34 வருடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டுக் கத்தக் கேட்டவள். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று தெரியும். கண் விஷயத்தில் அப்படி ஒரு பரீட்சை வந்தால், திருத்தி எழுத மறு தேர்வு கிடையாது.

அதனால் டாக்டர்களாகவும் நர்ஸ்களாகவும் இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "மாசாமாசம் வருவீங்களா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க? யார் கூட்டிட்டு வருவாங்க? அடுத்த ஆறு மாசத்துல வீட்ல என்ன விசேஷம்?" என்று கேளுங்கள். உண்மை தானாக வெளியே வரும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மெச்ச வேண்டிய காரியம். மாத்திரை கொடுக்கிற அதே கை, விழித்திரையைப் படம் எடுத்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தப் படம் எடுக்கும் கேமரா இருக்க வேண்டும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிய கூகுளின் 2016 ஆய்வுக்கு, அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் தங்களிடம் இருந்த படங்களைக் கொடுத்திருந்தன. வழி நம் ஊரிலேயே இருக்கும்போது, கிராமத்தில் இருப்பவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டாமா? கண்ணுக்கென்று 1819இலேயே ஆஸ்பத்திரி கண்ட ஊர் இது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி அது. 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் தொடங்கியது, 1978இல் இங்கே சங்கர நேத்ராலயா வந்தது. நல்ல ஆஸ்பத்திரிக்கு நமக்குக் குறைவில்லை. மயிலாடுதுறையிலிருந்து மாதா மாதம் சென்னைக்கு வருவதுதான் என் அண்ணனால் முடியாமல்போனது.

குடும்பத்தாருக்குச் சொல்வது கடைசி. ஊசித் தேதி என்பது நோயாளியின் தேதி மட்டும் இல்லை, வீட்டின் தேதி. பாப்பா விரிந்த கண்ணோடு யாரும் தனியாக வண்டி ஓட்டி வர முடியாது. ஒருவர் கூடப் போக வேண்டும். முகூர்த்த நாளைச் சுற்றிக் காலண்டரில் வட்டம் போடுகிறோமே, அதே பேனாவால் இதற்கும் ஒரு வட்டம் போடுங்கள். இரண்டும் மோதினால், தள்ளிப்போடுவதற்கு முன் ஒரே ஒரு போன் செய்து டாக்டரிடம் கேளுங்கள். என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.

எனக்கு ஊசி ஆரம்பித்தபோது, "மருந்தீஸ்வரர் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு உனக்கு என்ன கவலை?" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். அகத்தியருக்கே மருந்து முறைகளை உபதேசித்த சாமி என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். ஊசித் தேதியன்று காலையில் கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏறுகிறேன். சாமி கும்பிடுவதற்காக ஊசியை விட்டதில்லை. 11 ஊசியில் ஒன்றுகூடத் தேதி தவறவில்லை. முதலில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி கூடிக்கூடி இப்போது மூன்று மாதத்துக்கு ஒன்று. கோலப் புள்ளி முழுசாக நேராகவில்லை. ஆனால் பேரன் முகம் தெளிவாகத் தெரிகிறது. நான்கு கோடு நோட்டில் அவன் எழுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கிறேன். அவனுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் அண்ணனிடம் கேட்டேன். "எழுதும்மா. என் பேர் மட்டும் வேண்டாம்" என்றார். இப்போதெல்லாம் தினம் சாயந்திரம் போனில் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். வரி விளம்பரம் வரைக்கும்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் மூன்று. ஒன்று: இன்றைக்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டு ஜன்னல் கம்பியையோ நோட்டுக் கோட்டையோ ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். வளைந்தால் இந்த வாரமே ரெட்டினா டாக்டரைப் பாருங்கள். இரண்டு: வளையவில்லை என்று சர்க்கரை உள்ளவர்கள் சும்மா இருக்காதீர்கள். என் அண்ணனுக்கு ஆரம்பத்தில் எதுவும் வளையவில்லை. சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். மூன்று: அந்தத் தேதியைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். நான் குறித்து வைத்துக்கொண்டு, போனீர்களா என்று கேட்பேன். கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தம்பி, உனக்குத் தனியாக ஒன்று. தீபாவளி கழிச்சு வேண்டாம். உன் தேதி வருகிற வியாழக்கிழமை. காலை ஏழரைக்குத் திருவான்மியூர் பஸ் டெர்மினஸ் வாசலில் நிற்கிறேன். நானும் கூட வருகிறேன். போனை எடுக்காமல் இருந்தால் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவான்மியூர்